புயலுக்கு மூடிய மழைமானி

போன மாதம் ஓர் இளம் பொறியாளர் எனக்குப் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது தானியங்கி மழைமானி வைத்துவிட்டார்களாம். ஒரு கம்பம், அதில் ஒரு சூரியத்தகடு, உச்சியில் ஒரு டப்பா. மனிதன் பக்கத்திலேயே போக வேண்டாமாம். அதோடு, இந்தப் பக்கம் கார்த்திகை மார்கழியில் இதுவரை நடந்த பெரிய மழை, புயல், பனி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வாசலில் பலகையும் வைக்கப் போகிறார்களாம். "சார், தொண்ணூறுகள்ல ஒரு கார்த்திகையில ரெண்டு நாளுக்கு எண்ணே இல்லை, வெறும் கோடு போட்டிருக்கு. உங்க கையெழுத்துதான். அன்னைக்கு மழை பெஞ்சுதா, இல்லையா? ஒரே வரியில சொல்லிருங்க" என்றார்.

ஒரே வரியில்! முப்பது வருடம் காலை எட்டரை மணிக்குக் குடுவையைத் தூக்கிப் பிடித்து நின்றவனிடம் ஒரே வரி கேட்கிறார்கள். "பெஞ்சுது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் "யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிய?" என்று கேட்டார்கள். யாரையென்று சொல்வது? திட்ட வேண்டியவர்கள் பட்டியலில் என்னையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

எந்தத் துறை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறவன் நான். கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கினால் சுற்றிலும் கரிசல், அதன் நடுவில் ஓட்டுக் கட்டடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கிராமங்கள் அந்த அலுவலகத்துக்கு உட்பட்டவை. பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் அங்கே எழுத்தராகச் சேர்ந்தபோது தபால் ஒட்டுவது, கோப்பு கட்டுவது, மழைமானி பார்ப்பது மூன்றையும் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதை நான் யாரிடமும் விட்டதில்லை. ஞாயிறோ தீபாவளியோ, எட்டரைக்குள் நான் அங்கே நிற்பேன்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். முற்றத்தில், மரமோ சுவரோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, சிமெண்டு மேடையில் மழைமானியைப் பதித்திருப்பார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது. மேலே வட்டமான புனல், உள்ளே ஒரு போத்தல். புனலைத் திருகி எடுக்க வேண்டும். போத்தலை வெளியே எடுத்து, அதில் உள்ள தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் அளவுக் குடுவையில் ஊற்ற வேண்டும். குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் நடுவில் எங்கே குழிந்து நிற்கிறதோ அந்தக் கோட்டைப் படிக்க வேண்டும். ஓரத்தில் ஏறி நிற்கும் தண்ணீரைப் படித்தால் தப்பு. படித்த எண்ணைப் பென்சிலில் அல்ல, மையில் எழுத வேண்டும். பிறகு தலைமையிடத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். இதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

கரிசலில் இந்த வேலையைப் பார்க்கிறவனுக்கு ஒரு பெரிய சோதனை உண்டு. வருடத்தில் முக்கால்வாசி நாள் போத்தலில் ஒன்றும் இருக்காது. 'இல்லை' என்று எழுதுவதற்காகத்தான் தினமும் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போவேன். எண்ணெய் போடாத திருகாணியைத் திருகித் திருகி விரல் காய்த்துப்போயிற்று. ஆடி மாதக் காற்றில் புனலுக்குள் புழுதிதான் இருக்கும். புழுதியை அளக்கக் குடுவை கிடையாது. ஐப்பசி பிறந்தால் மட்டும் எனக்கு மரியாதை வரும். டீக்கடையில் பெரியவர்கள், "என்ன சார், ஒரு உழவு மழை இருக்குமா?" என்று கேட்பார்கள். நான் மில்லிமீட்டரில் சொல்வேன். அவர்கள் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, "சார் சொல்லுதது சரிதான்" என்பார்கள். என் குடுவைக்கு அவர்கள் மண்வெட்டிதான் சாட்சி.

இனி ஆட்களைச் சொல்கிறேன். இந்த விவகாரத்தில் என்னையும் சேர்த்து மொத்தமே நாலு பேர்தான்.

ஒருவர் எங்கள் காவலர் முத்தையா அண்ணாச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் எழுத்தர் என்பதால் என்னைச் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். நான் சொல்லப்போகும் புயலுக்கு இரண்டு வருடம் முன்னால் மழைமானியின் பித்தளைப் புனலை எவனோ களவாடிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். அதற்கு எனக்கும் அவருக்கும் விளக்கக் கடிதம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தது. நான் அந்தக் கோபத்தை எல்லாம் அவர் மேல்தான் காட்டினேன். "அண்ணாச்சி, இதுக்கு இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும். இது உங்க பிள்ளை மாதிரி. பாத்துக்கிடுங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் போவார். முட்டாள், எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தவர் எங்கள் அதிகாரி. பெயர் ஞானசேகரன் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் மதுரையில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேசையில் மூன்று நிறப் பேனா, மூன்றும் ஒரே நீளத்தில், ஒரே பக்கம் மூடி திரும்பி இருக்கும். அவருக்குத் துருவும் தூசியும் ஆகாது. வந்த முதல் மாதத்திலேயே தட்டச்சு இயந்திரத்துக்கு உறை, தொலைபேசிக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு உறை தைக்கச் சொன்னார். மணி பார்க்க வேண்டுமென்றால் உறையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். யார் எதைச் சொன்னாலும், எதைக் கேட்டாலும், "எழுத்துல இருக்கா?" என்பார். இருந்தால் செய்வார். இல்லாவிட்டால் அது இந்த உலகத்தில் நடக்கவே இல்லை. ஒரு நாள் அலுவலகக் கிணற்றில் கன்றுக்குட்டி விழுந்துவிட்டது என்று ஒருவர் ஓடி வந்தார். அவரை உட்கார வைத்து மனு எழுதச் சொன்னார். கன்றை முத்தையா அண்ணாச்சிதான் கயிறு போட்டுத் தூக்கினார். மனு கோப்பில் இருக்கிறது.

அந்தக் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. புயல் வருகிறது என்று காலையிலிருந்து ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. எங்களுக்குச் சிரிப்பு. புயல் எல்லாம் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகும், எங்களுக்குத் தூறல்தான் மிச்சம். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கை சொல்லச் சொல்ல எழுத வைத்தார். 'புயல் எச்சரிக்கையை முன்னிட்டு, அலுவலக வளாகத்தில் திறந்தவெளியில் உள்ள அரசு உடைமைகள் அனைத்தையும் தார்ப்பாயால் மூடிக் கட்டிப் பாதுகாக்க வேண்டும். தவறினால் பொறுப்பு காவலரைச் சாரும்.' நானே என் கையால் எழுதினேன். நானே அதை முற்றத்தில் நின்று முத்தையா அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கினேன். ஜீப், சிமெண்டு மூட்டை, எண்ணெய் இன்ஜின் என்றுதான் என் மனதில் ஓடியது. ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். அதிகாரி மதுரை ரயிலுக்குப் போனார்.

இருட்டிய பிறகு ஆரம்பித்தது. அதை மழை என்று சொல்வதற்கு எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. கோவில்பட்டியில் என் வீட்டுக் கூரையில் யாரோ நின்று கொட்டுவதுபோல் இருந்தது. சனிக்கிழமை விடிந்தபோது தெரு இல்லை, ஓடைதான் இருந்தது. பஸ் இல்லை. எட்டரை மணிக்கு நான் வாசலில் நின்று தவித்த தவிப்பு என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தனை வருடம் 'இல்லை' எழுதியவனுக்கு, எழுத ஒரு மழை வந்த அன்று போக வழி இல்லை. சரி, போத்தலில்தானே இருக்கப் போகிறது, இரண்டு நாளைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மழை விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு டிராக்டரைப் பிடித்து, பாதி வழியில் அதுவும் நின்றுவிட, மீதியை நடந்தேன். கரிசலில் மழைக்குப் பிறகு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கால் வெளியே வந்தால் செருப்பு உள்ளே நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். உளுந்தும் பாசிப்பயறும் நின்ற காடுகள் எல்லாம் குளமாகக் கிடந்தன. முழங்கால்வரை சேறோடு எட்டரைக்குப் பத்து நிமிடம் முன்னால் அலுவலக வாசலுக்கு வந்துவிட்டேன். பெருமையாக இருந்தது. நம் நிலையத்தின் வரலாற்றிலேயே பெரிய அளவை இன்று எழுதப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன்.

முற்றத்தில் ஜீப் மூடியிருந்தது. எண்ணெய் இன்ஜின் மூடியிருந்தது. சிமெண்டு மேடையில் என் மழைமானி, இரட்டைத் தார்ப்பாய் போர்த்தி, தேங்காய்க்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, சுற்றிலும் எட்டுச் செங்கல் வைத்து மூடியிருந்தது. பக்கத்தில் முத்தையா அண்ணாச்சி. இரண்டு நாள் தூங்காத கண். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விடலியே!" என்றார்.

செருப்பைக் கீழே போட்டேன்.

"காத்துல ரெண்டு தடவ பாய் பிச்சுக்கிட்டுப் போச்சு சார். மழையோட மழையா நின்னு மறுபடி கட்டுனேன். பொறவு விடிய விடிய இங்கனதான் நின்னேன்."

"அண்ணாச்சி, இது எதுக்கு வச்சிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மழையை அளக்கத்தான்."

"பொறவு ஏன் மூடுனிய?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "இது மழையில்ல சார், புயல்லா? மழைக்குத் தொறந்திருக்கணும், சரி. புயலுக்கு மூடணும்னுதான எழுதியிருக்கு? நீங்கதான வாசிச்சிய? போன தடவ களவு போன மாதிரி இப்ப புனல் காத்துல போச்சுன்னா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும்னு நீங்கதான சொன்னிய?"

கட்டை அவிழ்த்தேன். புனலைத் திருகினேன். போத்தலை எடுத்தேன். அடியில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது, காய்ந்துபோய். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்தப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். எறும்பு மட்டும் விழுந்தது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவருக்கு விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது. முகம் சுருங்கிப் போய், "இப்ப என்ன சார் செய்ய?" என்று மட்டும் கேட்டார்.

செய்ய ஒன்றுதான் இருந்தது. மழை விழும் ஆழத்தை அளக்க அரசாங்கப் புனல்தான் வேண்டும் என்று மழைக்குத் தெரியாது. வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கிற எந்தப் பாத்திரமும் போதும். வெட்டவெளியில் இருந்திருக்க வேண்டும், மழைக்கு முன் காலியாக இருந்திருக்க வேண்டும், வழிந்திருக்கக் கூடாது. குடம் ஆகாது, வயிறு பெருத்தது. உரல் ஆகாது, அடி சிறுத்தது. அளவு குறித்த அடிக்குச்சியை எடுத்துக்கொண்டு நானும் அண்ணாச்சியும் புறப்பட்டோம்.

அலுவலகத்துக்குப் பின்னால் முதல் வீடு, நாலாவது ஆளான சண்முகத்தாயுடையது. ஆடு மேய்க்கிற குடும்பம். புருஷன் இறந்த பிறகு நாலு ஏக்கர் கரிசலில் அவளே உளுந்தும் பாசியும் போட்டிருந்தாள். வீட்டுக்கு முன்னால் துவைக்கிற கல். கல்லின் மேல் மேல்பக்கம் வெட்டிய ஒரு எண்ணெய் டின். நாலு பக்கமும் செங்குத்து. உள்ளே தண்ணீர். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் குச்சியை உள்ளே விட்டேன்.

"ஏ சார்!" என்று ஒரு குரல். அவள் வாசலில் நின்றாள். தலைமுடி விரிந்து கிடந்தது. "ஓடைக்கரைக் கிடையில பதினோரு ஆடு தண்ணியோட போச்சு. காட்டுல ஒரு செடி நிக்கல. நீங்க டின்னை அளக்க வந்திருக்கியளோ?"

நான் குச்சியைப் பிடித்தபடியே நின்றேன். "தாயி, இது வெள்ளிக்கிழம சாயங்காலம் காலியாவா இருந்துச்சு?" என்றுதான் என் வாயில் வந்தது. கேட்டுவிட்டு எனக்கே அசிங்கமாக இருந்தது.

"குட்டிக்குத் தண்ணி காட்டிட்டுக் கவுத்தி வடிச்சுட்டுத்தான் வச்சேன். எதுக்குக் கேக்குதிய?"

சொன்னேன். மழை இவ்வளவு என்று எழுத்தில் போனால்தான் ஊர் பாதிக்கப்பட்ட பட்டியலில் வரும். பட்டியலில் வந்தால்தான் விவசாய டெப்போவில் மறுவிதைப்புக்குக் கொண்டைக்கடலை விதை கொடுப்பார்கள். கார்த்திகை ஈரம் பத்து நாள் நிற்கும், அதற்குள் விதை விழ வேண்டும், பிந்தினால் மண் வெடித்துவிடும். கடைசியாகச் சொன்னது எனக்குச் சொல்லத் தேவையில்லாதது, அவளுக்குத் தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து டின்னை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லா அளங்க" என்றாள்.

ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது. மில்லிமீட்டரில் எவ்வளவு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு யாராவது மறுபடியும் போன் செய்வார்கள். ஒரு அளவு போதாது என்று, ரோட்டோரத்தில் தீக்குச்சி அடைக்கிற தீப்பெட்டி ஆபீசில் போய்ப் பார்த்தோம். அங்கே முற்றத்தில் பசை காய்ச்சுகிற, பக்கம் நேரான டிரம் ஒன்றை வெள்ளிக்கிழமை கழுவி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதிலும் ஏறக்குறைய அதே அளவு. அரை விரல்தான் வித்தியாசம். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, பார்த்தவர்கள் கையெழுத்து வாங்கி, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தேன். பதிவேட்டில் அந்த இரண்டு நாளையும் வெற்றிடமாக விட்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். நடந்ததை எல்லாம் நின்றுகொண்டே கேட்டார். பேனாக்களை ஒரு தடவை நேராக்கினார். என் தாளை மூன்று தடவை படித்தார்.

"டின்னு அரசு கருவியா?" என்றார்.

"இல்லை சார்."

"பின்னே? பதிவேட்டில தலைப்பு என்ன? 'மழைமானி அளவு.' மழைமானியில எவ்வளவு இருந்தது?"

"சார், அது மூடியிருந்தது."

"எவ்வளவு இருந்ததுன்னு கேட்டேன்."

"ஒண்ணும் இல்லை."

"அப்போ 'இல்லை'ன்னு எழுதுங்க. கருவி என்ன காட்டுதோ அதைத்தான் எழுதணும்."

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் தவளை கத்திக்கொண்டிருந்தது. நான் எழுதமாட்டேன் என்றேன். அதுவரை என் வேலையில் ஓர் அதிகாரியிடம் சொல்லாத வார்த்தை. அவர் கோபப்படவே இல்லை. தொலைபேசியின் உறையை நிதானமாகக் கழற்றி, மடித்து வைத்து, எண்ணைச் சுழற்றி, தலைமையிடத்துக்கு அவரே, "இல்லை" என்று சொன்னார். பிறகு உறையை மறுபடியும் போட்டார். பக்கத்து நிலையத்தின் அளவையாவது எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அந்த ஊரில் அன்று சாதாரண மழைதான். கரிசலில் அது ஒன்றும் புதிதில்லை, ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊர் சும்மா இருக்கும். அதனால் அதிலும் பயனில்லை.

புதன்கிழமை டெப்போவில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் ஒன்பது கிராமங்களில் ஒன்றுகூட இல்லை. மழையே பெய்யாத ஊருக்கு வெள்ளம் எப்படி வரும்? மத்தியானம் நூறு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் சண்முகத்தாய்.

"மழை பெய்யலன்னு எழுதிருக்கியளாமே? அப்ப எங்க ஆடு பதினொண்ணும் எதுல முங்கிச் செத்துச்சு? அன்னைக்கு டின்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, அதுல இருந்தது என்ன? என் கண்ணீரா?"

முத்தையா அண்ணாச்சி கேட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளே போய், "சார், மண் காயுது" என்றேன். "இன்னும் நாலஞ்சு நாள்தான்."

அவர் விதிப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார். அவருக்கும் வெளியில் நின்ற கூட்டம் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். "வழி இருக்கு" என்றார் மெல்லிய குரலில். "ஊழியர் தவறால கருவி செயல்படலைன்னா, மாற்று அளவு அனுப்பலாம். உங்க டின்னு, டிரம் எல்லாம் அனுப்பலாம். ஆனா ஊழியர் தவறுன்னு எழுத்துல இருக்கணும்."

"மூடச் சொன்னது சுற்றறிக்கை சார்."

"அதுதான் சொல்றேன். சுற்றறிக்கையில 'மழைமானி நீங்கலாக'ன்னு ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சு. அந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்து, அதே தேதி போட்டு, புதுசா ஒண்ணு எழுதுங்க. அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. பழையதை என்கிட்ட கொடுத்துடுங்க. இன்னைக்கே அனுப்பிடலாம்."

இப்போது இதைப் படிக்கிற இளைஞர்கள், நீங்கள் மேலதிகாரிக்கு எழுதியிருக்கலாமே, பழைய தாளைக் காட்டியிருக்கலாமே என்பார்கள். காட்டியிருக்கலாம். விசாரணை வந்திருக்கும், தையில் முடிந்திருக்கும், மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். இதைத்தான் நான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பயம். அந்தப் பழைய சுற்றறிக்கையை வாசித்துக் காட்டியது நான். மழைமானியை மட்டும் விடுங்கள் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடியதும் நான். விசாரணை என்று வந்தால் அந்தக் கேள்வி என்னிடமும் வரும்.

புதுத்தாளை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

முத்தையா அண்ணாச்சியைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன், அது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம். "இதுல கையெழுத்துப் போட்டா, சொன்னதை மீறி நீங்களா மூடுன மாதிரி ஆகும் அண்ணாச்சி. உங்க மேல நடவடிக்கை வரும்."

"வெதை வருமா சார்?"

"வரும்."

"அந்தப் பொம்பள அழுததப் பாத்தியளா?" என்றார். "நான் மூடுனது மூடுனதுதான சார். குடுங்க." சட்டையில் கையைத் துடைத்துவிட்டு, அவருடைய பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, மறுபடி பேனாவை வாங்கி வைத்தார்.

அன்றே தாள்கள் போயின. சனிக்கிழமை விதை வந்தது. ஒன்பது கிராமங்களிலும் ஈரம் இருக்கும்போதே கொண்டைக்கடலை விழுந்துவிட்டது. அதிகாரி மாற்று அளவைப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது, தனித்தாளில்தான் இருக்க வேண்டும் என்றார். பதிவேட்டில் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தத் தனித்தாளை எந்தக் கோப்பில் எவர் கட்டினாரோ, இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் இப்போது வைக்கப் போகிற பலகையில் எங்கள் நிலையத்தின் மிகப் பெரிய மழையாக வேறு ஏதோ ஒரு வருடத்துத் தூறலைப் போடப்போகிறார்கள். போடட்டும்.

அடுத்த வாரம் முத்தையா அண்ணாச்சியை வேலையிலிருந்து இடைநீக்கம் செய்த உத்தரவு வந்தது. 'ஆணைக்குப் புறம்பாக மழைமானியை மூடிய காவலர்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஒட்டியதும் நான்தான். அவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தார்ப்பாய்களை மடித்து எண்ணி என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றார். அதிகாரிக்கு, கிராமங்களுக்கு விரைந்து விதை கிடைக்கச் செய்ததற்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டார்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை, எட்டரை மணிக்கு, நான் முற்றத்தில் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் வந்தாள். தலையில் ஒரு பெரிய கட்டு. வேரோடு பிடுங்கிய பச்சைக் கொண்டைக்கடலைச் செடி, காய் நிறைந்து இருந்தது. எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"வாட்ச்மேன் அண்ணாச்சி வீடு எங்கன இருக்கு சார்?" என்றாள்.

"எதுக்குத் தாயி?"

"பலகையில ஒட்டியிருந்ததை டீச்சரம்மா வாசிச்சுச் சொன்னாவ. சொல்பேச்சுக் கேக்காம அவரா மூடுனாராமே?" கட்டை இறக்கி மேடையில் வைத்தாள். "அந்த வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆட்டைப் பத்திக்கிட்டு இந்தக் கம்பி வேலி ஓரமாத்தான் போனேன். நீங்க இங்கன நின்னு தாளை வாசிச்சிய. நான் நின்னு கேட்டேன். எல்லாத்தையும் மூடணும்னுதான் வாசிச்சிய. வேற ஒண்ணும் வாசிக்கல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காது இரண்டும் சுட்டது. முப்பது வருட வேலையில் எத்தனையோ அதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அன்று பட்ட வெட்கம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவள் சத்தம் போடவில்லை. கட்டிலிருந்து இரண்டு செடியை உருவி, அளவுக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது நீங்க அளந்ததுக்கு" என்றாள். மீதிக் கட்டு முழுவதையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "இது அவருக்கு. வழியைச் சொல்லுங்க."

ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெரு, வேப்பமரத்துக்கு எதிர் வீடு என்று சொன்னேன்.